ஏழாவது விதிக்குக் காரணம்

நண்பரே, பக்கத்து மேசையில் நீர் இல்லாமல் எட்டு மாதம். இன்று காலை, அந்த மேசைக்கு மேலே நாம் விதிகள் எழுதி ஒட்டிவைத்த ஒற்றைத் தாளைப் புதிய குழுத் தலைவர் உரித்தெடுத்தார். தலைமையகம் அனுப்பிய நூறு பக்கக் கோப்பின்படிதான் இனிக் கணினி நிரல் எழுத வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தத் தாளுக்காக நாம் பிடித்த சண்டை கொஞ்சமா? சுவிஸின் துன் நகர அலுவலகத்தில் ஆறு பேர், ஆளுக்கொரு எழுத்துமுறை. அடைப்புக்குறி எந்த வரியில் வரவேண்டும் என்று நான் மல்லுக்கட்ட, நீர் சிரித்தீர். "அது உம்மட ருசியப்பா. ருசியைச் சட்டமாக்காதையும். அதை மெஷின் பாத்துக்கொள்ளட்டும்." ஒவ்வொரு விதிக்கும் கீழே காரணத்தை எழுதவைத்தீர். காரணம் சொல்ல ஆளில்லாததை அன்றே வெட்டினோம். பன்னிரண்டுதான் மிஞ்சியது.

'எல்லாருக்கும் தெரிந்த மொழியில் பெயர் வை' என்ற விதிக்குக் காரணமே நாம்தான். ஹோட்டல் பதிவு நிரலில் அறைச் சாவிக்கு 'திறப்பு' என்று தமிழிலேயே பெயர் வைத்தோம். "எங்கட ரெண்டு பேருக்கும் விளங்குதுதானே?" என்றேன். திரிம்பாக் கோயில் திருவிழாவுக்கு இருவரும் லீவு எடுத்த அன்று நிரல் நின்றுபோனது. தமிழ் தெரியாத எங்கள் குழுவின் ரேட்டோ தொலைபேசியில் கத்தினான். சோற்றுத் தட்டும் கையுமாக நின்று அவனுக்கு ஜெர்மனில் விளக்கினீர்.

மத்தியானக் கூட்டத்தில் தலைவர் நேரடியாகக் கேட்டார்: "இறந்துபோனவரின் நினைவுக்காகத்தானே இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?" எழுந்தேன். தாளை வாங்கி ஒவ்வொரு விதியையும் காரணத்தோடு உரக்க வாசித்தேன்.

ஏழாவதற்கு வந்தேன். வரி எண்பது எழுத்தைத் தாண்டக்கூடாது. காரணம்: சிகிச்சைக்குப் பிறகு உம்மால் பெரிய எழுத்தில்தான் வாசிக்க முடிந்தது; நீண்ட வரி உமது திரையில் அடங்கவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பேனாவை எடுத்து நானே வெட்டினேன். "மிச்சம் பதினொன்றுக்கும் காரணம் இருக்கிறது. உங்கள் கோப்பில் ஒரு விதிக்காவது காரணம் சொல்லுங்கள், பிறகு பேசலாம்" என்றேன். "அது வழக்கம்" என்றார். வழக்கமாம்! ரேட்டோதான் முதலில் சிரித்தான். பதினொன்றும் தப்பிவிட்டன.

உமது விதியை வெட்டியதற்குக் கோபம் வேண்டாம். இருந்திருந்தால் எனக்கு முன்னே நீரே வெட்டியிருப்பீர். ஆனால் என் திரையில் எழுத்து இன்னும் உமது அளவில்தான் இருக்கிறது. நான் எழுதும் வரி எண்பதைத் தாண்டுவதில்லை. என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. காரணம் கேட்டு யாராவது வரட்டும், பார்க்கிறேன்.