நீங்கள் எழுதி, நான் வெட்டிய வரி

எங்கள் வீட்டு பஸ் டிரைவருக்கு, என் செல்ல அப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆண்டுப் பூசை நடந்தது. கராஜ் நண்பர்கள் ஐந்து பேர் யூனிபோர்மோடு வந்து சேர்ச்சின் பின்வரிசையில் இருந்தார்கள். பூசை முடிந்ததும் சாப்பாட்டு மேசையில் இருந்து ஆளுக்கொரு ரோல்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு ஷிப்டுக்கு ஓடினார்கள். "லேட்டாப் போனா உங்கடை அப்பாதான் மேலை இருந்து முதல்ல ஏசுவார்" என்றார் ஒருவர். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நிற்பாட்ட முடியாமல் அழுதேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து அந்தப் பேப்பரை எடுத்துப் பார்த்தேன். நினைவிருக்கிறதா? லண்டன் கோலியர்ஸ் வுட் வீட்டு பிரிட்ஜ் கதவில் ஒரு மாதமாக ஒட்டியிருந்ததே, அதுதான். ஹனிமூனுக்குத் தெற்கு இத்தாலி என்று நானும் ஜெறோமும் முடிவெடுத்து, எந்த மாகாணம் என்பதில் முட்டுப்பட்டு நின்ற நேரம். ஒரு பக்கம் நேப்பிள்ஸ் இருக்கிற கம்பானியா. மறுபக்கம் அதற்கும் கீழே, அந்த நாட்டின் கால்விரல் நுனியில் கிடக்கிற கலாப்ரியா. நடுவில் கோடு கிழித்து, கடல், சாப்பாடு, சனநெரிசல் என்று வரி வரியாக எழுதிப் புள்ளி போட்டேன். கலியாண வேலையில் இரண்டு பேரும் களைத்துப்போயிருந்தோம். பத்து நாள் சும்மா கிடக்க ஒரு இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

ஒருநாள் வேலையால் வந்து பார்த்தால் அடியில் புதிதாக ஒரு வரி. பென்சிலில் உங்கள் உருண்டைக் கையெழுத்து. "திரும்பி வர" என்று எழுதி, கம்பானியாவுக்குக் கீழே "ஒரு நாளைக்கு ஆறு பிளேன்", கலாப்ரியாவுக்குக் கீழே "கிழமைக்கு இரண்டு. செவ்வாய், சனி" என்று போட்டிருந்தீர்கள்.

"அப்பா, இது பஸ் டைம்டேபிள் இல்லை" என்றேன்.

"போறது எப்பிடியும் போகலாம் குஞ்சு. திரும்பி வாறதுக்கு வழி இருக்கோ எண்டு முதல் பாக்க வேணும்."

"ஹனிமூனுக்குப் போறவை ஆரும் திரும்பி வாறதை யோசிக்கிறவையோ?"

"நேப்பிள்ஸும் நல்ல இடம்தானே. ஒருக்கா யோசியன் பிள்ளை."

எனக்கு அது புதுக்கதை இல்லையே அப்பா. வால்தம்ஸ்டோவில் சிநேகிதியின் பிறந்தநாளுக்குப் போகக் கேட்டாலும், கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்றுதானே முதலில் கேட்பீர்கள்? இதுவும் அந்த வியாதிதான் என்று நினைத்தேன். பேனையை எடுத்து, உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே அந்த வரியை இரண்டு கோடு போட்டு வெட்டினேன். ஜெறோம் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை இந்த ஒரு வருடத்தில் எத்தனை தரம் நினைத்துப் பார்த்திருப்பேன் தெரியுமா?

கலாப்ரியாதான் வென்றது. அங்கே சனம் குறைவு, கரைச்சல் குறைவு.

கலியாணத்தன்று சேர்ச் வாசலில் இருந்து பீடம் வரைக்கும் என் கையைப் பிடித்து நடந்தீர்கள். உங்கள் பாரம் முழுக்க என் கையில் இருந்தது. "அப்பா, மெல்ல, சாறி இழுபடுது" என்று காதுக்குள் கடிந்துகொண்டேன். நீங்கள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று சபை நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பொய் சொல்லக்கூடாது அப்பா, கலாப்ரியா நல்ல இடம். காலையில் கடல், மத்தியானம் நித்திரை, பின்னேரம் மறுபடியும் கடல். எங்கள் ஊர்ச் சின்ன வெங்காயம் மாதிரிச் சிவப்பாக, ஆனால் பெரிதாக, இனிப்பாக ஒரு வெங்காயம் அங்கே விளைகிறது. அதைத் தாளோடு பின்னிக் கடைவாசலில் தொங்கவிடுவார்கள். உங்களுக்கு ஒரு பின்னல் வாங்க வேண்டும் என்று முதல் நாளே ஜெறோமிடம் சொல்லிவிட்டேன். தயிரில் வெட்டிப்போட்டு நீங்கள் சாப்பிடுவதை நினைத்துப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தபோது அம்மா வீடியோவை நிற்பாட்டி வைத்திருந்தா. "அப்பா ஷிப்டுக்குப் போயிட்டார் பிள்ளை. நல்லா இருக்கிறார். நீங்கள் சந்தோசமா இருந்திட்டு வாங்கோ." நான் நம்பினேன். ஏன் நம்பாமல் விடப்போகிறேன்?

புதன்கிழமை மத்தியானம், வெங்காயப் பின்னலைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரரோடு சைகையில் கதைத்துக்கொண்டு நிற்கும்போது தம்பியின் போன் வந்தது.

"அக்கா, இனி ஒளிக்க ஏலாது. அப்பாவுக்கு ஹார்ட். ஞாயிறு துடக்கம் ஆஸ்பத்திரியிலை இருக்கிறார். உடனை வாங்கோ."

அடுத்த பிளேன் சனிக்கிழமை. நீங்கள் எழுதியபடியேதான் இருந்தது. அதனால் ரயிலேறி நேப்பிள்ஸுக்குப் போனோம். வழி முழுக்கக் கடல் கூடவே வந்தது. ஓரிடத்தில் ஜெறோம் "நாங்கள் கம்பானியாவுக்குள்ள வந்திட்டம்" என்று மெதுவாகச் சொன்னார். விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அன்றைய கடைசி பிளேன் போய்விட்டது. மறுநாள் காலைப் பிளேனில் நாங்கள் பறந்துகொண்டிருக்கும்போது நீங்கள் போய்விட்டீர்கள். நேப்பிள்ஸில் தங்கியிருந்தால் புதன் இரவே உங்கள் கட்டிலடியில் நின்றிருப்பேன். இந்தக் கணக்கை நான் செய்யாத நாள் இல்லை.

வெங்காயம் பெட்டிக்குள் இருந்தது. நீங்கள் போன முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு அம்மா அதை எடுத்துச் சம்பலுக்கு வெட்டினா. வெட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னா.

"டொக்டர் கலியாணத்துக்கு முன்னமே ஆஸ்பத்திரியிலை வந்து படுக்கச் சொன்னவர். கலியாணம் முடியட்டும், பிள்ளையள் போயிட்டு வரட்டும் எண்டு இவர்தான் தள்ளிப்போட்டார். எங்களிட்டைச் சத்தியமும் வாங்கினவர். அந்தப் பேப்பரிலை ஏன் எழுதினவர் எண்டு நினைக்கிறாய்? உனக்குச் சொல்லவும் மனமில்லை, நீ எட்டாத இடத்துக்குப் போறதும் விருப்பமில்லை."

பஸ் ஓட்ட வேண்டாம் என்று உங்களை இரண்டு மாதத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்களாம். எனக்குத் தெரியக்கூடாது என்று தினமும் யூனிபோர்மைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டு, கராஜ் கன்டீனில் இருந்துவிட்டு வருவீர்களாம். நான் ஒவ்வொரு காலையும் உங்களுக்குக் கை காட்டினேனே அப்பா.

எனக்கு உங்களில் கோபம் இருக்கிறது. நல்ல காரியம் நடக்கிற வீட்டில் கெட்ட செய்தியை மூடிவைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம், தெரியும். ஆனால் மன்னாரில் உங்கள் அண்ணை செத்தபோது, சேர்ச்சில் என்னுடைய முதல் நன்மைச் சடங்கு முடியும்வரை அம்மா உங்களிடம் அதை மறைத்தா. "என்ரை அண்ணைக்கு அழுறதுக்கு எனக்கு ஆர் நாள் குறிக்கிறது?" என்று குசினிக்குள் நின்று கத்தினீர்கள். எனக்கு எட்டு வயது, வெள்ளைச் சட்டையோடு கதவடியில் நின்று கேட்டேன். அவ்வளவு பட்ட மனுசன் எனக்கு மட்டும் ஏன் நாள் குறித்தீர்கள்?

என்னிலும் பிழை இருக்கிறது. "ஏன் அப்பா?" என்று அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீங்கள் சொல்லியிருப்பீர்களோ, மழுப்பியிருப்பீர்களோ தெரியாது. கேட்டிருக்கலாம்.

இப்போது வீட்டில் ஒளிப்பு மறைப்பு இல்லை. போன மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து கை சுளுக்கிவிட்டது. தம்பி சிநேகிதர்களோடு ஸ்கொட்லாந்து போயிருந்தான். "அவனுக்கு மூச்சு விடாதை, பாவம், அவன்ரை லீவு குழம்பிப்போடும்" என்றா. கேத்தில் கொதிக்க முன்னமே அவனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அம்மா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. பரவாயில்லை, கையும் சுகம், கோபமும் சுகம்.

இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதுவதற்குக் காரணமும் நீங்கள்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு அப்போது உங்களைத் திட்டினேன். அந்தத் திட்டையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

மிச்ச ஹனிமூனுக்குப் போகலாம் என்று ஜெறோம் கேட்டுக்கொண்டே இருந்தார். உங்கள் ஆண்டு முடியட்டும் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். ஞாயிறு அந்தப் பேப்பரை மேசையில் விரித்து, என்னுடைய இரண்டு கோட்டையும் அழித்துப் பார்த்தேன். பேனை மை, போகவில்லை. ஆனால் அதற்குக் கீழே உங்கள் பென்சில் எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

அடுத்த மாதம் கம்பானியாவுக்குப் போகிறோம், அப்பா. நேப்பிள்ஸில் இறங்கினதும், கடலைப் பார்க்க முன்னம், லண்டனுக்கு அன்றைக்கு எத்தனை பிளேன் என்று பலகையில் எண்ணுவேன். நீங்கள் எழுதிய ஆறு சரியா என்று, திரும்பி வந்து, உங்கள் கல்லறையடியில் நின்று சொல்லுவேன். இது சத்தியம்.

நேரத்துக்கு வந்து சேராத உங்கள் மூத்த மகள்,
குஞ்சு