எழுமலைக்கு வராத காரணம்

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பாவுக்கு மூட்டுவலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? நான் சுகம்தான். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மதுரைக் கருத்தரங்கில் காலை பத்து மணிக்கு என் கட்டுரை. படித்ததும் உங்களைப் பார்க்க எழுமலை பஸ் ஏறியிருப்பேன். ஆனால் அமைப்பாளர், "நீ நம்ம ஊருப் பொண்ணுதானத்தா, வெளியூர்க்காரவுக மொதல்ல வாசிக்கட்டும்" என்று பன்னீர்ச் சொம்பைக் கையில் கொடுத்து வாசலில் நிறுத்திவிட்டார்.

"சார், நான் புனேயில இருந்து வாரேன்."

"இருந்தா என்னத்தா? வீட்டுப் பிள்ளைக்குக் கடைசிப் பந்திதான்!"

திருச்சிக்காரர்கள்கூட வாசித்துவிட்டுப் போனார்கள். என்னை மாலை ஐந்தரைக்கு அழைத்தார்கள். இடைக்கால ஐரோப்பாவில் சொந்தப் பிள்ளையை விட்டுவிட்டுப் பிரபு வீட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுத்த பெண்களைப் பற்றிப் பேசினேன். கேட்டவர்கள் நான்கு பேர். ஏழு மணிக்கு ரயில். சொம்பைக் கீழே வைத்துவிட்டு வராத என் மேல்தான் அதிகக் கோபம்.

பாப்பாவின் பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்பு. செருப்பு வாங்க அளவு தெரியவில்லை. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

டிக்கெட் பார்க்க வருகிறார்கள், முடிக்கிறேன். பாப்பா கேட்டால் அம்மா புனேயில் இருக்கிறாள் என்றே சொல். மதுரை வரை வந்தேன் என்று சொல்லிவிடாதே.

உன் மகள்,
சத்யப்ரியா