வலது பக்கத்து போல்ட்

ஹெர்னோசாண்ட்,
மே 29

அன்புள்ள எஸ்கிலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் இடது தோளைத் தவிர. அதன் காரணம் கீழே வரும். ஆக்லாந்தில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், நீ காய்ச்சல் ஏதுமின்றி நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். அம்மா உருளைக்கிழங்கு நட்டுவிட்டாள், பிர்ச் மரங்கள் துளிர்த்துவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கார் வேலை நன்றாக நடக்கிறது என்று சொன்னேன், அது உண்மையில்லை. உனக்குக் கிடைத்திருப்பதோ பத்து நாள் விடுப்பு. நீ வருவதற்குள் பழைய எஞ்சினை இறக்கி வைத்தால்தான் புதியதை நாம் இருவருமாகப் பொருத்தி, நடுக்கோடைத் திருநாளுக்கு மூவரும் வடக்கே போக முடியும், இல்லையென்றால் பத்து நாளும் கராஜிலேயே போய்விடும். எஞ்சினைத் தாங்கும் மவுண்டுகளில் இடது பக்கத்து போல்ட் அரை மணியில் வந்துவிட்டது, வலது பக்கத்தில் ஒன்று மட்டும் அசையவில்லை. சாலை உப்பில் இத்தனை குளிர்காலம் ஓடிய கார், துருதான் என்று முடிவு கட்டினேன். கம்பித் தூரிகையால் தேய்த்தேன், துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுவதும் ஊறவைத்தேன், ஸ்பானர் கைப்பிடியில் நீளக் குழாய் மாட்டி இழுத்தேன், இடது தோள் பிடித்துக்கொண்டது அப்போதுதான். சூடேற்றலாம் என்றால் பக்கத்திலேயே பெட்ரோல் குழாய், துணிவு வரவில்லை. எல்லாவற்றையும் நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன், அதனால் என்ன பயன் என்று தெரியவில்லை. இப்படி மூன்று நாள் போயிற்று, எஞ்சின், அதைத் தூக்க வைத்திருந்த சிறு கிரேனில் பாதி தொங்கியபடியே இருந்தது.

படகுத்துறையில் நாற்பது ஆண்டு எஞ்சின் பார்த்த ஹில்டிங் வேலிக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறார், நினைவிருக்கும். இரண்டு முறை அவர் வாசல்வரை போய்விட்டுத் திரும்பினேன், ஓய்வில் இருக்கிற மனிதரைத் தொந்தரவு செய்வதாகிவிடுமே. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அந்த மனுஷன் மூணு நாளா ஜன்னல்ல நின்னு உங்களையே பாத்துக்கிட்டிருக்காரு, நீங்க என்னடான்னா முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க" என்றாள்.

நான்காம் நாள் காலை ஹில்டிங்கே வந்தார், கையில் நம்முடைய பனி மண்வெட்டி. பிப்ரவரியில் இரவல் வாங்கியதைத் திருப்பித் தர வந்தாராம். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார், வானிலை பற்றி இரண்டு வார்த்தை, பிறகு தரையைப் பார்த்தபடி, "தப்பா நெனைக்காதீங்க டோர்கெல், கிரேன ரொம்ப இழுத்து வச்சிருக்கீங்க. போல்ட்டப் புடிச்சிருக்கிறது துரு இல்ல, அந்த இழுவைதான். ஒரு விரக்கடை எறக்கிப் பாருங்களேன்" என்றார். எஞ்சின் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் நான்தான் அப்படி இறுக்கி வைத்திருந்தேன். முப்பது ஆண்டு இயற்பியல் நடத்தியவனுக்கு இது தோன்றவில்லை. மெல்ல இறக்கினேன், அவர் எஞ்சின்மேல் கைவைத்து, "போதும், இப்ப மொதல்ல கொஞ்சம் இறுக்குங்க, அப்புறம் கழட்டுற பக்கமாத் திருப்புங்க" என்றார். கடக்கென்று ஒரு சத்தம், பிறகு விரலாலேயே சுற்றி எடுத்தேன். மதியத்துக்குள் எஞ்சின் வெளியே வந்துவிட்டது.

காபி குடிக்கும்போது, "மொத நாளே தெரிஞ்சுது. நீங்க கூப்பிடாம எப்படி வர்றது?" என்றார். "நல்ல ஜோடிதான், ஒருத்தருக்கு ஒருத்தர் எளைச்சவங்க இல்ல" என்று அம்மா அவருக்கு இன்னொரு பன் வைத்தாள்.

எஸ்கில், போன ஆகஸ்டில் நான்கு நாள் காய்ச்சலில் தனியாகக் கிடந்தாய், பக்கத்துக் கதவில் ஒரு நர்ஸ் இருந்தும் சொல்லவில்லை. அந்தக் கூச்சம் என்னிடமிருந்து வந்தது, அதனால் உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். ஆக்லாந்தில் பனி பெய்யாது, மண்வெட்டி திருப்பித் தரவென்று யாரும் வரமாட்டார்கள். நீயே போய்க் கதவைத் தட்டு.

நல்லபடியாக வந்து சேர், எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு. வேலைக்கான பழைய சட்டை ஒன்று எடுத்து வர மறக்காதே.

அன்புடன்,
உன் அப்பா
டோர்கெல்