உப்புக் குறைந்த இரண்டாம் பாகம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நான், அப்பா, நம் சாப்பாட்டுக் கடை, கடையில் வேலை செய்கிறவர்கள், எதிர்க்கடைக்காரர்கள் உட்பட இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தை விசாரிக்கலாம் என்றால் துரை ஃபோனை எடுப்பதில்லை, அதனால் நான் பேனாவை எடுத்திருக்கிறேன். ஃபோனை அணைத்து வைக்கலாம், தபால்காரரை அணைத்து வைக்க முடியாது பார். கல்லாப்பெட்டி மேல் தாளை வைத்து எழுதுகிறேன், ஆள் வந்தால் நிறுத்திவிட்டு மறுபடி தொடருகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் தலையைச் சாய்த்துப் படித்துக்கொள்.

உன் அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவளிடம் போய் ரகசியம் சொன்னாயே, உனக்குப் புத்தி எங்கே போயிற்று? அம்மாவிடம் சொல்லாதே என்று நீ சொன்னதையும் சேர்த்தே சொன்னாள். நம் கடையையும் எதிர்க்கடையையும் வைத்து நீ எடுத்த படத்தின் இரண்டாம் பாகம் நினைத்த மாதிரி போகவில்லையாம், அதனால் ஐயா சினிமாவுக்கே முழுக்குப் போடுகிறாராம், அடுத்த மாதம் முதல் அக்கா வீட்டுக்காரர் வேலை செய்கிற ஃப்ரிட்ஜ் கம்பெனியில் கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு உட்காரப் போகிறாராம், நம் தெருவில் முகம் காட்ட வெட்கமாக இருக்கிறதாம், லீவுக்கும் வரமாட்டாராம். கேட்ட அன்று கடையில் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆம்லெட் கேட்டவருக்குச் சூப்பும் சூப் கேட்டவருக்குத் திட்டும் கொடுத்தேன். ஃப்ரிட்ஜ் விற்பது ஒன்றும் கேவலமில்லை, நம் கடையிலும் ஒன்று இருக்கிறது, நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் நாலு பேரைச் சிரிக்க வைக்காமல் இருந்தால் உனக்குச் சாப்பாடு இறங்காது என்பது உன்னைப் பெற்ற எனக்குத் தெரியாதா? அதனால் உன் படத்துக்கு இந்தத் தெருவில் என்ன மரியாதை கிடைத்தது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன், இதைக் கடைசிவரை படித்துவிட்டு அந்தக் கம்பெனிக்காரனுக்குப் பதில் சொல்.

இந்த இரண்டாம் பாகம் வந்த அன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் கடையைப் பூட்டினோம். எதிர்க்கடையும் பூட்டினார்கள். இரண்டு கடையும் ஒரே நேரத்தில் பூட்டியிருப்பதைப் பார்த்த முடிதிருத்துகிறவர் பதறிப் போய் ஓடி வந்து, யாரு போயிட்டாங்க, எப்ப எடுக்கறாங்க என்று கேட்டார். தியேட்டரில் நடைபாதைக்கு இடது பக்கம் நாங்கள், வலது பக்கம் அவர்கள், யாரும் சொல்லி வைக்கவில்லை, கால் தானாகப் பிரிந்து போயிற்று. நம் பக்கத்தில் நம் புயல் புத்தாடை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டு வர அரைநாள் எடுத்துக்கொள்கிறவனுக்கு நீதானே சின்ன வயதில் அந்தப் பெயரை வைத்தாய். அந்தப் பக்கம் அவர்கள் கடையில் பரிமாறுகிறவன், ஓயாத வாய்க்காக ரேடியோ என்று பெயர் வாங்கியவன், விளக்கு அணைந்த பிறகும் வாய் அணையவில்லை.

முதல் பாகத்தில் நீ எங்களை உரித்து மிளகாய்த்தூள் தடவித் தொங்கவிட்டாய். சூப் வருவதற்குள் வாடிக்கையாளருக்குத் தாடி வளர்ந்துவிடுகிற காட்சியில் புயல் தலையில் துணியைப் போட்டுக்கொண்டான். சாப்பாட்டைப் பற்றி ரேடியோ பேசுகிற பேச்சிலேயே வயிறு நிறைந்து ஆட்கள் எழுந்து போகிற காட்சியைப் பார்த்துவிட்டு, உன் காலை உடைப்பேன் என்று அவன் தெரு முனையில் நின்று சபதம் போட்டான். எனக்கு நடித்தவள் கரண்டியால் மேசையைத் தட்டித் தட்டி ஆட்களை விரட்டினாள், தியேட்டரே உருண்டு உருண்டு சிரித்தது, நான் உன்னோடு பேசாமல் இருந்தது உனக்கே தெரியும். அப்புறம் என்ன ஆயிற்று? எங்கெங்கேயிருந்தோ ஆட்கள் வந்தார்கள். அம்மா, என்னை ஒரு திட்டு திட்டுங்கம்மா என்று கெஞ்சினார்கள். திட்டினேன். சும்மா சொல்லக் கூடாது, அது ஒரு தனி சுகம். ரேடியோவும் சபதத்தை மறந்துவிட்டுப் படத்தில் வருகிற மாதிரியே தோளைக் குலுக்கி நடக்கப் பழகிக்கொண்டான்.

இப்படியெல்லாம் ஆசையை வளர்த்துவிட்டு இரண்டாம் பாகத்தில் என்னடா பண்ணினாய்? முதல் காட்சியிலிருந்து எல்லாரும் நல்லவர்கள். புயல் ஓடுகிறான், ஓடிப் போய் எதிர்க்கடை அடுப்பில் பிடித்த தீயை அணைக்கிறான். ரேடியோ அவனைக் கட்டிக்கொண்டு வார்த்தை வராமல் நிற்கிறான். ரேடியோவுக்கு வார்த்தை வரவில்லையாம், யாரிடம் சொல்கிறாய்! நான் ஒரு காட்சியில்கூட கரண்டியை ஓங்கவில்லை. கடைசியில் இரண்டு கடைக்காரர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து கைகோத்துக்கொள்ள, பின்னால் ஒருத்தன் வயலினைப் போட்டு இழுக்கிறான். நம் பக்கமும் சிரிப்பு இல்லை, அந்தப் பக்கமும் சிரிப்பு இல்லை. நடுவில் உன் அப்பா தூங்கிப் போய் ஒரு குறட்டை விட்டார் பார், அன்றைக்குத் தியேட்டரில் விழுந்த பெரிய சிரிப்பு அதுதான்.

அதற்காக எல்லாருக்கும் பிடிக்கவில்லை என்று நினைக்காதே. மூலை வீட்டு டீச்சர் மறுபடி மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்து, உங்க பையன் மனசு தங்கம் என்று மூக்கைச் சிந்துகிறார். துணி வெளுக்கிறவள் முதல் பாகத்தைவிட இதுதான் உசத்தி என்கிறாள். முடிதிருத்துகிறவர் யார் தலை கையில் இருக்கிறதோ அவர் கட்சி. இதற்கு நடுவில் பேப்பரில் ஒரு விமர்சனம் வந்தது, பாதி புகழ்ச்சி, பாதி இகழ்ச்சி. உன் அப்பா மீன் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்துப் புகழ்ந்த பாதியை மட்டும் வெட்டிக் கண்ணாடி போட்டுக் கல்லாவுக்கு மேல் மாட்டிவிட்டார். நெஞ்சைத் தொடும் மனிதர்கள் என்று ஆரம்பிக்கும். மறுநாள் காலையில் பார்க்கிறேன், எதிர்க்கடைக்காரர் அதே பேப்பரை வாங்கி மீதிப் பாதியை வெட்டி அதே அளவுக் கண்ணாடியில் மாட்டியிருக்கிறார். முதல் பாகத்தில் கடித்தவர்களுக்கு இதில் பல்லையே காணோம் என்று அதில் இருக்கிறது. இப்போது இங்கே சாப்பிடுகிறவர்கள் மேலே பார்த்துவிட்டு மீதி எங்கே என்று கேட்கிறார்கள், எதிர்ல இருக்கு போய்ப் படிங்க என்று புயல் கையைக் காட்டுகிறான், போகிறவர்கள் அங்கே ஒரு டீயும் குடித்துவிடுகிறார்கள். அங்கே சாப்பிடுகிறவர்கள் முன்பாதியைப் படிக்க இங்கே வருகிறார்கள், நான் மட்டும் சும்மா விடுவேனா, சூப்பை நீட்டிவிடுகிறேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் போன வாரம் ரேடியோ நம் கடைக்குள் வந்தான். முன்வாசல் வழியாக! உன் அப்பா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். அவன் கையெடுத்துக் கும்பிட்டு, அக்கா, சண்டைக்கு வரலக்கா, நியாயம் கேக்க வந்திருக்கேன், மொதப் படத்துல உங்க பையன் என்னக் கிழிச்சான், சரி, தொழில்னு வுட்டுட்டேன், இதுல என்ன நல்லவனாக்கிட்டானே, வர்றவன் எல்லாம் என் தோளத் தட்டிக் குடுக்கறான், நான் வாயத் தொறந்தா பாவம் நல்ல மனுசன்னு உச்சுக் கொட்டறான், நான் எப்படித் தொழில் பண்றது என்று மூச்சு விடாமல் கேட்டான். புயல் நிதானமாக யோசித்து, எனக்குப் படம் புடிச்சுதான் இருந்துச்சு, ஆனா இப்ப எல்லாரும் என்ன ஓடச் சொல்றாங்க என்றான். பாவம், அவன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. பேச்சுச் சத்தம் கேட்டு எதிர்க்கடையிலிருந்து ஒவ்வொருத்தராக வந்தார்கள், கடைசியில் முதலாளியே வந்தார், நம் நாற்காலியில் உட்கார்ந்தால் கௌரவம் போய்விடும் என்று தன் கடை நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தார். இரண்டு கடை ஆட்களும் நம் நீள மேசையில் ஒன்றாக உட்கார்ந்தோம். நீ வயலின் வைத்துச் சேர்த்து வைத்தபோது ஒருத்தரும் நம்பவில்லை, உன்னைத் திட்டுவது என்றதும் எப்படிக் கூடிவிட்டோம் பார்த்தாயா?

ஆளாளுக்குத் திட்டினார்கள், நான்தான் அதிகம் திட்டினேன், அந்த உரிமையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. எதிர்க்கடைக்காரர் கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, என் பலகைய ஏன் படத்துலேர்ந்து வெட்டினான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க, காய்ச்சலோட நின்னு யோசிச்சு எழுதினது அது என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் எதைச் சொல்கிறார் என்று உனக்கும் தெரியும். நம் வாசல் பலகையில் நான் காலையில் ஒன்று எழுத, அதைப் படித்துவிட்டு அவர் தன் பலகையில் பதில் எழுத, அப்படித்தானே இந்தத் தெருவில் பொழுது விடியும். அவர் காய்ச்சலில் விழுந்து கடை பூட்டிக் கிடந்தபோது நான் என்ன எழுதினாலும் எதிரே பதில் இல்லை, எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அப்போது நீ லீவில் வந்திருந்தாய். ஒரு பாத்திரம் சூப்பை உன் கையில் கொடுத்து, இதக் குடிச்சிட்டு சீக்கிரம் எந்திரிச்சு வரச் சொல்லு, எதிர்ல ஆள் இல்லாம எனக்குத் திட்டறதுக்கு ஆள் இல்ல என்று சொல்லி அனுப்பினேன். அந்த மனுஷன் எழுந்து வந்து, நிற்கத் தெம்பில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு, முதல் வேலையாகத் தன் பலகையில் இப்படி எழுதினார்: எதிர்க்கடைச் சூப்பில் உப்பு இல்லை, நான் பிழைத்தது என் அதிர்ஷ்டம். நீ நம் வாசற்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தாய், அம்மா இதை நான் படமா எடுப்பேன் என்றாய். எடுத்தாய். சூப்பை வைத்தாய், நான் சொல்லி அனுப்பியதை வெட்டிவிட்டாய், அவர் எழுதியதை வெட்டிவிட்டாய், இரண்டு பேரையும் அழ விட்டாய். உன் படத்துக்கு வந்த வியாதி அதுதான், வேறொன்றும் இல்லை.

ஏன் வெட்டினாய் என்று எனக்குத் தெரியும், நீ சொல்ல வேண்டாம். முதல் பாகத்தை நம் கடை மூலை மேசையில் உட்கார்ந்து எழுதினாய், பக்கத்தில் வெங்காயத் தோல், மேலே என் கத்தல், என் மேல் உனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும், அதை அப்படியே எழுதினாய். இரண்டாம் பாகத்தை அங்கே தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதியிருக்கிறாய். தூரத்தில் இருந்து நினைத்தால் எல்லாரும் நல்லவர்களாகத்தானே தெரிவார்கள். படத்தில் அந்த அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து மகன் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாளே, அங்கே நான் அழுதுவிட்டேன், அப்பா தூங்கிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. காட்சி நன்றாக இருந்ததால் அழவில்லை, அது சுத்த அறுவை. என் பிள்ளை எவ்வளவு ஏங்கிப் போயிருந்தால் என்னை இவ்வளவு நல்லவளாக எழுதியிருப்பான் என்று நினைத்துத்தான் அழுதேன்.

அதனால் சொல்கிறேன் கேள். உனக்குத் திறமை ஒன்றும் தீர்ந்து போகவில்லை, ஊருக்கு வராமல் இருந்துவிட்டாய், அவ்வளவுதான். கிளம்பி வா. நான் கத்துவதைக் கேள், புயல் கொண்டு வருகிற தண்ணீருக்காகக் காத்திருந்து தொண்டை வறண்டு போ, ரேடியோவிடம் மாட்டிக்கொண்டு முழி, அப்பாவின் குறட்டையில் தூக்கம் கெட்டு எரிந்து விழு. கொஞ்ச நாளில் எங்களைக் கண்டாலே உனக்குப் பற்றிக்கொண்டு வரும், அப்போது பேனாவை எடு. அதற்கப்புறமும் சிரிப்பு வரவில்லை என்றால் ஃப்ரிட்ஜ் விற்கப் போ, முதல் ஃப்ரிட்ஜை எதிர்க்கடைக்காரர் தலையில் நானே கட்டிவிடுகிறேன். அக்கா வீட்டுக்காரரிடம் இதைப் பக்குவமாகச் சொல், நல்ல மனுஷன், நிஜமாகவே நல்ல மனுஷன், அதனால்தான் அவரை வைத்து ஒரு சிரிப்பும் எழுத முடியாது. வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. விமர்சனம் எழுதியவனைத் தேடிப் போய்ச் சண்டை போடாதே, அவன் பாதி நமக்கு மாட்டக் கொடுத்திருக்கிறான். ஃபோனைச் சார்ஜில் போடு.

நீ நோய் நொடி இல்லாமல், வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, எங்களையும் சந்தி சிரிக்க வைத்துக்கொண்டு நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், கரண்டியை ஓங்கியபடிதான் சொன்னார், எடுத்துக்கொள். கிளம்புகிற தேதியை அக்காவிடம் ரகசியமாகச் சொல், உடனே எனக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
படத்தில் வந்தவள் அல்ல,
உன் அசல் அம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது எதிர்க்கடைக்காரர் பலகையை எழுதி வைத்துவிட்டு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எழுத மனசு இல்லை, ஆனாலும் பலகையில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்: எதிர்க்கடைப் பையன் ஊருக்கு வந்தால் முதல் சூப் இங்கே, உப்புப் போட்டது. அங்கே போய் ஒரு வாய் குடித்தாயோ, நம் வாசற்படியை மிதிக்காதே. முதல் சூப் என் கையால்தான், உப்புக் குறைந்தாலும் குடிக்க வேண்டும்.