சிவப்பு பட்டனை அமுக்கியவருக்கு

ஏங்க, மாரடைப்பு வந்தவர்களுக்கான உடற்பயிற்சி வகுப்புக்கு இன்று தனியாகவே போகிறேன். பின்னாலேயே வந்து நிற்க வேண்டாம்.

நேற்று டிரெட்மில்லில் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தேன். "மூச்சு வாங்குதாம்மா?" என்று பயிற்சியாளர் என்னைத்தான் கேட்டார். நீங்கள் முந்திக்கொண்டு, "அவளால முடியலைங்க" என்று சிவப்பு பட்டனை அமுக்கி டிரெட்மில்லையே நிறுத்திவிட்டீர்கள். அத்தனை பேர் முன்னால் மானமே போயிற்று. மாரடைப்பு வந்தது எனக்கு. நோயாளி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு திரிவது நீங்கள்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். உங்கள் சட்டைகளுக்கு அடியில் நீங்கள் ஒளித்து வைத்த உப்பு டப்பா இப்போது அடுப்பருகே இருக்கிறது. போட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். எனக்காகப் பத்தியம் இருந்து உயிரை வாங்காதீர்கள்.

சாவி என்னிடம் இருக்கிறது, நானே திறந்துகொண்டு வருவேன். வாசலில் காத்து நிற்க வேண்டாம்.

இன்னொன்று. நான் தூங்கிவிட்டதாக நினைத்து, மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறீர்களே, நான் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இனிமேல் வைத்தால் கடித்துவிடுவேன்.