மாடியில் லெட்யூஸ் விளைந்துவிட்டது

ஆஷா,

மணி ஏழே முக்கால். நீ இப்போதுதான் அசந்து தூங்குகிறாய், எழுப்பவில்லை. சோறும் பூண்டு ரசமும் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை. பதினோரு மணிக்கு அத்தை கொமரலிங்கத்திலிருந்து வந்துவிடுவார்கள். சாவி கீழ்வீட்டு அக்காவிடம் இருக்கிறது, நீ எழுந்து வந்து கதவு திறக்க வேண்டாம்.

மாடியில் லெட்யூஸ் விளைந்துவிட்டது. எதைச் சாப்பிட்டாலும் வாந்தி எடுத்த அந்த இரண்டாம் மாதத்தில், கம்பெனிக்குச் சரக்கு வாங்க வெளிநாட்டு பையர் வந்தபோது விருந்தில் நீ தின்ற இந்த சாலட் இலை மட்டும் வேண்டும் என்றாயே, அப்போது போட்ட விதை. நேற்றுகூடக் கீழ்வீட்டு அக்கா, "ஏனுங்க முனீஸ், உங்க முட்டக்கோசு இறுகவே மாட்டேங்குதுங்களே?" என்று சிரித்தார். ஆஸ்பத்திரியில் நடந்தது அவருக்குத் தெரியாது. எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

"பிள்ளையே போயிருச்சு, செடிக்கு மூணு வேளை தண்ணி ஊத்துறீங்களே, நீங்கல்லாம் மனுசந்தானா?" என்று ராத்திரி கேட்டாய். அந்தச் செடிக்கு ஒரு வேளை தண்ணீரே போதும். நான் ஊற்றிய ஊற்றில் அடி இலையெல்லாம் அழுகிவிட்டது. உன் முன்னால் அழக் கூடாது என்றுதான் ஒவ்வொரு தடவையும் வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன்.

முனீஸ்

பி.கு: செடியைப் பிடுங்குவதா, விடுவதா, நீயே சொல்.

இன்னொன்று. இனி மாடிக்குப் போக மாட்டேன். சாயங்காலம் வந்து உன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன். யார் பார்த்தாலும் சரி.