திருப்பி அடிக்க ஆளில்லாத சல்யூட்

இன்று காலை செக்யூரிட்டி ஏஜென்சிக்காரர்கள் புதுத் தொப்பி கொடுத்தார்கள். பிளாஸ்டிக் உறையைப் பிரித்ததும் குப்பென்று ஒரு ரப்பர் நாற்றம். பழைய தொப்பியைத் திருப்பிக் கேட்டார்கள். தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அது என் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. ஏன் கொடுக்கவில்லை என்பதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நீயும் நானும் காளையார்கோவில் பக்கம் ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம். நீ பட்டாளத்துக்குப் போனாய். நான் வானம் பார்த்த வயலைக் கட்டிக்கொண்டு அழுதேன். கடைசியில் இரண்டு பேரும் செக்காலை ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை வாசலில், ஆளுக்கொரு பக்கமாக, ஒரே நீலச் சட்டையில் வந்து நின்றோம். உன் மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அது முடிகிற வரைக்குமாவது இந்த வேலை உனக்கு வேண்டியிருந்தது. அது தெரிந்ததனால்தான், நீ பிடிவாதம் பிடித்தபோது உன்மேல் எனக்கு அத்தனை கோபம்.

முதல் வாரம் டீக்கடையில் உன்னைக் கேலி செய்ய, வெறுந்தலையோடு எழுந்து நின்று விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தேன். நீ டீயை உறிஞ்சிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாய்.

"தொப்பி இல்லாம அடிக்கிறது சல்யூட் இல்லடா. அது ஈ ஓட்டுறது."

கடையே சிரித்தது. நானும்தான்.

காரில் வருகிற எல்லோருக்கும் சல்யூட் அடிக்க வேண்டும் என்பது கடையின் சட்டம். எனக்கென்ன வந்தது? யார் இறங்கினாலும் கை தன்னால் நெற்றிக்குப் போய்விடும். நீ மட்டும் இரண்டு கையையும் சேர்த்து, முகத்தைப் பார்த்து, "வாங்க" என்று கும்பிட்டாய். நெற்குப்பை ஊரிலிருந்து வந்த ஓர் ஆச்சி, கையில் இருந்த பையைக் காரிலேயே வைத்துவிட்டு உன்னைத் திருப்பிக் கும்பிட்டார். "நல்லாருக்கீகளா?" என்று வேறு கேட்டார். அன்றைக்கு முழுவதும் நீ சந்தோஷமாக இருந்தாய்.

மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. என் முன்னால்தான் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"மிலிட்டரில இருந்தவுகன்னுதானே ஓனர் உங்கள எடுத்தாக? நீங்க போயி கும்பிட்டுக்கிட்டு நிக்கிறீக. இதுக்கு எவன் வேணாலும் போதுமே."

"கதவத் தெறக்குறேன் சார். மழைன்னா கொட பிடிக்கிறேன். பையத் தூக்கிக் கார்ல வைக்கிறேன். சல்யூட் மட்டும் வேணாம் சார்."

"ஏன், அதுல என்ன கொறஞ்சு போகுது?"

"திருப்பி அடிக்க ஆளில்லையே சார்."

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் உன்னிடம் சண்டைக்கு வந்தேன்.

"அடிச்சுத் தொலையேண்டா. கை என்ன தேஞ்சா போயிரும்? பிள்ள படிப்ப நெனச்சுப் பாரு."

"எங்க கர்னலுக்கு நான் அடிச்சா, அவரும் திருப்பி அடிச்சாகணும்டா. பாக்காத மாதிரிப் போனா மரியாத கெட்டது அவரு, நானில்ல. இங்க இறங்குறவுகளுக்குக் கண்ணு போன்ல இருக்கு. அவுக மேல தப்பில்ல, அவுகளுக்கு இது தெரியாது. தெரிஞ்ச நான் அடிக்கலாமா?"

"பெரிய ஜெனரலு இவரு" என்று எழுந்து போனேன்.

மறுநாளே உன்னைப் பின்பக்கத்துக் கார் நிறுத்துமிடத்துக்கு மாற்றினார்கள். கொட்டகை கிடையாது, மரம் கிடையாது, உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. சித்திரை வெயில் கல்லையே பிளக்கிற நேரம். சாயங்காலம் வருவாய், முகம் கருத்து, உதடு வெடித்து. "முன்னாடி வந்து ஒரு சல்யூட்ட அடிச்சுட்டு நெழல்ல நில்லுடா" என்று கெஞ்சினேன். "ராஜஸ்தான் வெயிலப் பாத்தவன்டா நான்" என்று சிரித்தாய். ராஜஸ்தானில் இருந்தபோது உனக்கு வயது இருபத்தைந்து என்பதை நீயும் மறந்தாய், நானும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் இரண்டு கார்களுக்கு நடுவில் விழுந்து கிடந்தாய். யாரோ ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கி வந்தார்களாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே எல்லாம் முடிந்திருந்தது. பாவி, ஒரு சல்யூட்டில் போகிற விஷயமடா.

உன் வீட்டு வாசலுக்கு மேனேஜர் பெரிய மாலையோடு வந்தார். போட்டுவிட்டு, வெறுந்தலையோடு உனக்கு ஒரு சல்யூட் அடித்தார். கூட வந்தவன் போனில் படம் பிடிக்கிற வரைக்கும் கையை இறக்கவில்லை. ஈ ஓட்டினார். நீ எழுந்து அதைச் சொல்லியிருந்தால் வாசலே சிரித்திருக்கும். எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உன் மகள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு உன்னோடு பட்டாளத்தில் இருந்தவர்கள் வந்தார்கள். வயதானவர்கள், ஒருவர் கம்பு ஊன்றி வந்தார். பையிலிருந்து தொப்பியை எடுத்துப் போட்டு, நேராக நிமிர்ந்து, வரிசையாக உனக்கு சல்யூட் அடித்தார்கள். கம்பு ஊன்றியவர் என்னைப் பார்த்தார். நான் டியூட்டியிலிருந்து அப்படியே ஓடி வந்தவன்; யூனிஃபார்மும் தொப்பியுமாக நின்றேன்.

"கூட்டாளிதானே? நீயும் ஒண்ணு அடிப்பா. தொப்பிதான் போட்டிருக்கியே."

கை பாதி தூரம் போய்விட்டது. காலையிலிருந்து எத்தனை காருக்கு அடித்த கை அது! யார் என்றே பார்க்காமல் அடித்த கை. அதை உனக்கு அடிக்க எனக்கு மனசு வரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். உனக்காகக் கழற்றிய அந்தத் தொப்பிதான் ஆணியில் தொங்குகிறது.

இன்றும் புதுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் அடித்தேன். நாளைக்கும் அடிப்பேன், எனக்கும் வயிறு இருக்கிறது. ஆனால் அன்றைக்கு உன் வீட்டு வாசலில் உன் முகத்தைப் பார்த்து, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டேன். அந்த ஆச்சி உன்னைக் கும்பிட்ட மாதிரி. திருப்பிக் கும்பிடத்தான் நீ இல்லை.